வடசென்னைப் பள்ளிகளின் பொறுப்புடைமை

அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு பள்ளி, அங்கே பிள்ளைகள் படித்தார்களா என்ற கேள்விக்கு யாரிடம், எந்தக் கணக்கைக் காட்டிப் பதில் சொல்கிறது என்பதே பள்ளிப் பொறுப்புடைமை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டி நீளும் வடசென்னையில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நிறையப் பேர். கேட்கும் உரிமை சட்டப்படி யாருக்கு முதலில் வாய்த்ததோ, அந்தப் பெற்றோரின் குரல்தான் மிகச் சன்னமாகக் கேட்கிறது.

பள்ளி யாருடையது என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. ராயபுரத்து மாநகராட்சிப் பள்ளி நெடுங்காலமாக மாநகராட்சியின் சொத்து. கட்டடமும் ஆசிரியரும் அதன் பொறுப்பு. எண்ணூர்ப் பகுதியின் கதை வேறு. கத்திவாக்கம், திருவொற்றியூர் நகராட்சிகள் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. ஆனால் வருவாய்க் கணக்கில் அந்தப் பகுதி 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்தது. அங்கிருந்த அரசுப் பள்ளிகளோ பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இருந்தன. சாலைக்கும் சாக்கடைக்கும் ஓர் அலுவலகம், பட்டாவுக்கு இன்னொன்று, வாத்தியாருக்கு மூன்றாவது என்று பல ஆண்டுகள் ஓடின. 281 பள்ளிகளை நடத்திவந்த மாநகராட்சியிடம், இணைக்கப்பட்ட பகுதிகளின் 139 அரசுப் பள்ளிகளை ஒப்படைக்கும் முடிவு 2022-23 வாக்கில்தான் வந்தது.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது: நேரம் தவறாமல் பள்ளிக்கு வருவது, பாடத்தைக் குறித்த காலத்தில் முடிப்பது, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவையானால் கூடுதலாகக் கற்பிப்பது, பெற்றோரைக் கூட்டி முன்னேற்றத்தைச் சொல்வது. தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. குறை இருந்தால் 32-ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். வடசென்னையில் அந்த உள்ளாட்சி அமைப்பு மாநகராட்சிதான். பள்ளியை நடத்துபவரும் புகாரை விசாரிப்பவரும் ஒருவரே. அந்த முடிவில் திருப்தி இல்லாதவர் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான மாநில ஆணையத்துக்குப் போகலாம். காசிமேட்டில் கூடை சுமக்கும் ஒரு தாய் அந்தப் படி ஏறுவது எத்தனை சுலபம் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

நடைமுறையில் பள்ளியை உலுக்கும் கேள்வி மே மாதத்தில் வருகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வந்ததும் பாடவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு எடுக்கப்படும். தலைமை ஆசிரியர்களுக்கு ஆய்வுக் கூட்டம் நடக்கும். விழுக்காடு சரிந்த பள்ளியிடம் விளக்கம் கேட்கப்படும். அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17(அ), 17(ஆ) என்ற எண்களுக்கு ஆசிரியர் ஓய்வறையில் விளக்கவுரை தேவைப்படாது. முதலாவது சிறு தண்டனைக்கான வழி, இரண்டாவது பெருந்தண்டனைக்கானது. மறுபக்கம், நூறு விழுக்காடு எடுத்த பள்ளிக்குப் பாராட்டு விழா. மாணவர்களை வரிசைப்படுத்தும் ‘மாநில முதலிடம்’ அறிவிப்பை அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. பள்ளிகளை வரிசைப்படுத்தும் ஆசை மட்டும் போகவில்லை.

இந்த அளவுகோலின் கோளாறு எல்லாருக்கும் தெரிந்ததே. 35 மதிப்பெண் என்ற கோட்டைத் தாண்டியவர்களை எண்ணுகிறதே தவிர, ஒரு பிள்ளை எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தது என்பதை அது பார்ப்பதில்லை. ஆறாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்த பையனைப் பத்தாம் வகுப்பில் 32 மதிப்பெண் வரை இழுத்துவந்த ஆசிரியை, அந்தக் கணக்கில் தோற்றவர். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பது தமிழ்நாட்டின் நிலைப்பாடு. ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-ல் அறிவித்ததைக்கூட அரசு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. ஆகவே வடிகட்டல் ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது என்பது கல்வியாளர்களின் பழைய குற்றச்சாட்டு. பத்தாம் வகுப்புக்குப் போய் விழுக்காட்டைக் கெடுத்துவிடுவான் என்று தோன்றும் பிள்ளையை ஒன்பதிலேயே நிறுத்துவது, டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்வது, தனித்தேர்வராக எழுதச் சொல்வது எல்லாம் இதில் அடக்கம். மீன்பிடித் துறைமுகமும் சரக்குப் பெட்டக முனையங்களும் பக்கத்திலேயே இருக்கிற ஊரில், அப்படி விழுந்த பையனுக்கு மறுநாளே ஏதாவது ஒரு கூலி வேலை கிடைத்துவிடும் என்பது வேறு கொடுமை.

தேர்ச்சியை வைத்துப் பள்ளியை எடைபோடும் யோசனை சென்னைக்குப் புதிதுமல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதராஸ் மாகாணத்தில் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளை வாசிக்க, எழுத, கணக்குப் போடவைத்துப் பார்ப்பார். தேறியவர்களைப் பொறுத்து மானியம். திண்ணைப் பள்ளிகள்கூட இதற்குள் வந்தன. இங்கிலாந்து 1862-ல் தொடங்கிய முறை அது. மனப்பாடத்தைத்தான் வளர்த்தது என்று சலித்து, வைஸ்ராய் கர்சன் காலத்து 1904 கல்வித் தீர்மானம் அதைக் கைவிட்டது. நூறாண்டு கழித்து அமெரிக்கா அதே குழியில் விழுந்தது. 2002-ல் கையெழுத்தான ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம் தேர்வு மதிப்பெண்ணைப் பள்ளியின் தலையெழுத்தாக்கியது. அட்லாண்டாவில் ஆசிரியர்களே விடைத்தாள்களைத் திருத்தி எழுதி, 2015-ல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள்.

கீழ் வகுப்புகளில் வேறொரு முயற்சி நடக்கிறது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், 2022 ஜூன் 13 அன்று வடசென்னைக்குப் பக்கத்திலுள்ள திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில் தொடங்கியது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கப்படுகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கிறது என்றால் இன்னும் முதல் வகுப்புப் பாடத்தில் நிற்கிறது என்று பொருள். ஒரே அறையில் மூன்று கூட்டம், மூன்று விதப் பயிற்சி. பிள்ளை ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்ததா என்பதே கேள்வி. தேர்ச்சி விழுக்காட்டைவிட நேர்மையான கேள்வி இது.

பதிலைச் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும் என்பதுதான் ஆசிரியர்களின் மனக்குறை. வருகைப்பதிவு, வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு, நலத்திட்டங்கள் என எல்லாமே பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ தகவல் தளத்துக்குப் போகின்றன. சர்வர் தொங்கினால் பாடவேளையும் தொங்கும். 2023-ல் பி.எட். மாணவர்களை அனுப்பித் திட்டத்தை மதிப்பிட முனைந்தபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன.

மேலிருந்து வரும் ஆய்வுகள் பெற்றோருக்கு உதவுவதில்லை. 2021 நவம்பர் 12-ல் நடந்த தேசிய அடைவு ஆய்வு மாவட்டத்தைப் பற்றிப் பேசுமே ஒழிய, பள்ளியைப் பற்றிப் பேசாது. கற்றல் நிலையை அளக்கும் பேர்பெற்ற ‘ஏசர்’ அறிக்கை கிராமங்களை மட்டுமே பார்க்கிறது. அதில் ராயபுரத்துக்கு இடமே இல்லை.

பெற்றோருக்கு மிச்சமிருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். 2022-ல் மாநிலம் முழுக்க இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டு, மாதத்தின் முதல் வெள்ளி பிற்பகல் 3 மணிக்குக் கூடும் வழக்கம் வந்தது. ஷிப்ட் முடியாத நேரம். தெருவில் மீன் விற்று முடியாத நேரம். வந்தவர்கள் பேசுவது கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், ஆசிரியர் பணியிடம். என் பிள்ளை ஏன் இன்னும் அரும்பில் இருக்கிறது என்று கேட்க, முதலில் அரும்பு என்றால் என்னவென்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

2025-26 கல்வியாண்டில் ‘திறன்’ என்ற அடிப்படைக் கற்றல் பயிற்சி 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு வந்தது. வடிகட்டல் நடப்பதாகச் சொல்லப்படும் ஒன்பதாம் வகுப்பும் இதில் சேர்ந்ததுதான் முக்கியம். அந்த ஆண்டின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வருவது 2027-ல். ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டில் இருந்த பெயர்களையும் அந்தத் தேர்வை எழுதப்போகும் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எமிஸ் தளத்திலேயே வசதி இருக்கிறது. அந்த ஒப்பீட்டை மேலாண்மைக் குழுவின் முன் வைக்க வேண்டும் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.