துப்பாக்கி மைக்கும் பெரியப்பாவின் கதையும்

போன வருஷம் ஊருக்குப் போனப்ப பெரியப்பாவை உட்கார வெச்சு வீடியோ எடுத்தேன். டூரிங் டாக்கீஸ்ல படம் ஓட்டினவர். நடுவுல ரீல் அறுந்தா கூட்டம் என்ன பண்ணும்னு அவர் சொல்ல ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியாது. கேமரா தலையில புதுசா வாங்கின ஷாட்கன் மைக். அவருக்கும் கேமராவுக்கும் பத்தடி. திரும்பி வந்து போட்டுக் கேட்டா, கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி குரல், கூடவே ஃபேன் இரைச்சல்.

கன் மைக்னா தூரத்துச் சத்தத்தை இழுத்துக் கொடுக்கும்னு நினைச்சது என் தப்பு. இந்த மைக் பிறந்த கதை தெரிஞ்சிருந்தா அப்படி நினைச்சிருக்க மாட்டேன்.

பேசும் படம் வந்த புதுசுல ஹாலிவுட்காரங்களுக்கு இதே தலைவலிதான். மைக்கை நடிகர் கிட்ட கொண்டு போனா படத்துல தெரியும். தள்ளி வெச்சா கேமரா ஓடற சத்தமும் சேர்ந்து விழும். 1939ல அமெரிக்காவுல ரெண்டு இடத்துலேருந்து ஆய்வுக் கட்டுரை வந்தது. பெல் ஆய்வகத்துல மேசன், மார்ஷல் ரெண்டு பேரும் வெவ்வேறு நீளக் குழாய்களைக் கட்டாகக் கட்டி ஒரு மைக் முன்னாடி வெச்சாங்க. ஆர்சிஏவுல ஹாரி ஓல்சன் இதே வழியில 'லைன் மைக்' பத்தி எழுதினார். பின்னாடி குழாய்க்கட்டு போய், பக்கவாட்டுல ஓட்டை போட்ட ஒத்தைக் குழாய் வந்தது.

சூட்சுமம் இதுதான்: நேரா முன்னாடியிருந்து வர்ற ஒலி, எந்த ஓட்டை வழியா நுழைஞ்சாலும் ஒரே நேரத்துல மைக்கைத் தொடும். பக்கத்துலேருந்து வர்றது ஒவ்வொரு ஓட்டை வழியாவும் கொஞ்சம் முன்னப்பின்ன வந்து, ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். ஆக, இது எதையும் இழுக்கிறதில்லை. பக்கத்துச் சத்தத்தைக் கழிக்குது, அவ்வளவுதான்.

அந்தக் கழித்தலுக்கும் ஒரு எல்லை உண்டு. 1000 ஹெர்ட்ஸ் ஒலியோட அலைநீளம் சுமார் 34 செ.மீ.; 100 ஹெர்ட்ஸுக்கு 3.4 மீட்டர். ஒரு சாண் குழாய், ஃபேனோட அடிக்குரல் உறுமலை என்ன பண்ண முடியும்? வீட்டுக்குள்ள எதிரொலி வேற சுவர், தரை, கூரைனு எல்லாப் பக்கமும் பட்டு முன்பக்கமாவும் வரும்.

எலக்ட்ரோ-வாய்ஸ் கம்பெனியோட 642 மைக்குக்கு 1963 ஆஸ்கர் விழாவுல தொழில்நுட்ப விருது கிடைச்சது. 1970கள்ல சென்ஹைசர் எம்கேஹெச் 416 வந்தது. 25 செ.மீ. நீளம், ஈரக்காத்துக்கும் அசராது. இன்னிக்கும் விக்கிறாங்க, ஆனா விலையைப் பார்த்தா நமக்குத் தலை சுத்தும் :-) நம்ம பட்ஜெட்டுக்கான வாசலைத் திறந்தது, 2004ல ஆஸ்திரேலியாவோட ரோட் கம்பெனி கொண்டு வந்த வீடியோமைக். 2008ல கேனான் 5டி மார்க் 2 வந்து, ஸ்டில் கேமராவுலயே எச்டி வீடியோ எடுக்கலாம்னு ஆனதும் இந்த மாதிரி மைக்குக்குக் கிராக்கி ஏறிடுச்சு.

ஒண்ணு கவனிங்க. 416 கையில இருக்கிற சினிமாக்காரங்களே அதைக் கேமரா மேல மாட்டறதில்லை. ஒரு ஆள் கோல்ல கட்டி, நடிகர் தலைக்கு மேல, ஃப்ரேமுக்குச் சற்று வெளியே பிடிச்சுக்கிட்டு நிப்பார்.

அதனால குறைஞ்ச விலையில வாங்கறவங்களுக்கு என் கணக்கு இது:

1. எவ்வளவு தூரத்துச் சத்தம் பிடிக்கும்னு கேக்காதீங்க, மைக்கோட சொந்த இரைச்சல் எவ்வளவுனு பாருங்க. 20 டெசிபலுக்குக் கீழே இருந்தா பேச்சுக்குத் தாராளம்.

2. மிச்சக் காசுல நீள வயரும், வெளியில எடுக்கக் காத்துக்கு முடி வெச்ச உறையும் வாங்குங்க. கோலுக்கு ஒட்டடைக் குச்சி போதும்.

3. வீட்டுக்குள்ள மட்டும்தான் எடுக்கப் போறீங்கன்னா கன் மைக்கே வேண்டாம். சட்டையில குத்தற காலர் மைக் மேல்.

4. தூரம் பாதியானா நேரடிக் குரல் 6 டெசிபல் ஏறும். பத்தடியை ரெண்டரை அடி ஆக்கினா 12. இது இலவசம்!

பொங்கலுக்குப் போனப்ப மறுபடி எடுத்தேன். அதே மைக், ஒட்டடைக் குச்சியில கட்டித் தம்பி பிடிச்சுக்கிட்டான். ஃபேனை நிறுத்தியாச்சு. குரல் பளிச்சுனு விழுந்தது. "இதைத்தான் அன்னைக்கே சொன்னேனேடா"ன்னுட்டு, பெரியப்பா ரீல் அறுந்த கதையை ரெண்டே வரியில முடிச்சிட்டார். முதல் தடவை சொன்னப்ப நடுவுல விழுந்து விழுந்து சிரிச்சார் பாருங்க, அந்தச் சிரிப்பு ஃபேன் சத்தத்தோடதான் இருக்கு. அந்த டேப்பையும் அழிக்கலை.