தக்கோலம்: நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரின் மண வரலாறு – ஒரு நோக்கு

முன்னுரை

மலேசியத் தோட்டத் தமிழரைப் பற்றிய வரலாற்று ஆய்வுகள் கூலி, கங்காணி முறை, நோய், கள்ளுக்கடை, தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. அம்மக்கள் தம் உடலில் எதைப் பூசினர், எந்த மணத்தை விரும்பினர் என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. இது சிறுபொருளன்று. உழைக்கும் உடலாகவே பெரிதும் பதிவுபெற்ற ஒரு சமூகம் தன் உடலைத் தானே எவ்வாறு மதித்தது என்பதற்கு மணம் ஒரு சான்றாகும். அதிமதுரத்தை நினைவூட்டும், இனிப்பும் காரமும் கலந்த வெம்மையான மணம் ஒன்றை முன்வைத்து, நெகிரி செம்பிலான் சூழலில் இவ்வினாவை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல்வழி வந்த மணம்

இன்றைய மேலைநாட்டு வாசனைத் திரவியங்களில் அதிமதுர மணம் எனப்படுவது பெரும்பாலும் அதிமதுர வேரிலிருந்து பெறப்படுவதன்று. அன்னாசிப்பூ, சோம்பு ஆகியவற்றின் எண்ணெயில் மிகுந்துள்ள அனெத்தோல் என்னும் வேதிப்பொருளே அம்மணத்திற்கு அடிப்படை. 1997இல் பிரான்சில் வெளிவந்த லொலித்தா லெம்பிக்கா இவ்வகைக்குப் பலரறிந்த எடுத்துக்காட்டு.

இவ்வன்னாசிப்பூவைச் சித்த மருத்துவம் தக்கோலம் என வழங்குகிறது. சிலப்பதிகார உரைமரபில் தக்கோலம், தீம்பூ, இலவங்கம், கருப்பூரம், சாதிக்காய் ஆகிய ஐந்தும் பஞ்சவாசம் எனப்பெறும். பழந்தமிழ்த் தக்கோலம் அன்னாசிப்பூவா, வால்மிளகா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முன்னது தென்சீனத்திற்கும் பின்னது சாவகத்திற்கும் உரியது. எதுவாயினும் அது கீழைக்கடல் வழியே தமிழகம் சேர்ந்த பொருள் என்பதில் ஐயமில்லை.

அப்பெயரையே ஒரு துறைமுகமும் தாங்கியிருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் தக்கோலா என்னும் வணிகத்துறையைக் குறிப்பிடுகிறார். முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் கொள்ளப்பட்ட ஊர்களுள் தலைத்தக்கோலமும் ஒன்றெனத் தஞ்சைக் கல்வெட்டு கூறுகிறது. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு கப்பலோர் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றிப் பேசுகிறது. இச்சான்றுகள் காட்டும் தமிழர் படைவீரராகவும் மணப்பொருள் வணிகராகவும் இந்நிலப்பரப்பை அறிந்தவர்கள்.

தோட்டத்து மணங்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த தமிழரின் நிலை வேறு. 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை உட்பகுதியைத் துறைமுகத்தோடு பிணைத்தது. காப்பியும் அதன்பின் ரப்பரும் பரவின. அகில் தரும் மரங்கள் வளர்ந்த தீபகற்பக் காடுகளை அழித்தே பால்மரங்கள் நடப்பட்டன. மணம் தேடி வந்தோரின் வழித்தோன்றல்கள், மணம் தந்த காடு அழிந்த நிலத்தில் கூலிகளாயினர் என்பது வரலாற்றின் முரண்.

தோட்டத்தின் அன்றாட மணம் வேறாக இருந்தது. பாலை உறையவைக்கும் அமிலத்தின் நெடி, புகைக்கூட்டின் புகை, ஒட்டுப்பாலின் முடைநாற்றம் ஆகியவை உடையிலும் கையிலும் படிந்தன. உறைந்த பாலிலுள்ள புரதத்தை நுண்ணுயிர்கள் சிதைப்பதால் எழும் அந்நாற்றம் ஒருமுறை குளித்தால் நீங்குவதன்று. ஆகவே வேலை முடிந்த குளியலும், கூந்தலுக்கு இட்ட சாம்பிராணியும், திருவிழாவிலும் திருமணத்திலும் பூசிய சந்தனமும் சவ்வாதும், தெளித்த பன்னீரும் வெறும் ஒப்பனையல்ல. தொழிலின் மணத்திலிருந்து உடலை மீட்டெடுக்கும் செயல்கள் அவை. அச்சாம்பிராணி சுமத்திரா முதலிய இப்பகுதித் தீவுகளின் மரப்பிசின் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

தக்கோலத்தின் மணமோ உடலிலிருந்து அடுக்களைக்கு இடம்பெயர்ந்திருந்தது. பண்டிகை நாளின் இறைச்சிக் குழம்பில் அது அன்னாசிப்பூவாகப் பட்டையோடும் சோம்போடும் சேர்ந்தது. அதிமதுரம் இருமலுக்கான கசாயத்தில் இடம்பெற்றது. 1920களின் இறுதியில், எளிதில் சென்றடையத்தக்க மாவட்டங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பூசினால் ஒருவருக்கும், சமைத்தால் வீட்டார் அனைவருக்கும் பயன்படும் பொருளை அக்குடும்பங்கள் சட்டியில் இட்டன. இதனைச் சுவையுணர்வின் வீழ்ச்சி என்பது பொருந்தாது. வறுமைக்குள்ளும் மணத்தைப் பகிர்ந்துகொள்ளக் கண்ட வழி எனலாம்.

முடிவுரை

1960களிலிருந்து ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை பரவியது. பின்னர் நீலாய், லாபு, சிரம்பான் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் பல குடியிருப்புகளாயின. லயன் வீடுகளோடு அவற்றின் மணங்களும் மறைந்தன. இன்று அதே அதிமதுர மணம் கண்ணாடிக் குப்பியில் அயல்நாட்டுப் பெயரோடு விற்பனையாகிறது. தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளை அதனை அணியும்போது, அது கடன்வாங்கிய நாகரிகமாகத் தோன்றலாம். உண்மையில், பஞ்சவாசத்தின் தக்கோலத்தை நினைவூட்டும் மணம் ஒன்று அடுக்களையிலிருந்து உடலுக்குத் திரும்புகிறது.

காலனிய ஆவணங்களின் அக்கறை கூலியும் குடியிருப்பும் நோயும் பற்றியது. மணத்தின் வரலாற்றை முதியோரின் வாய்மொழியே தர இயலும். பால்வெட்டு நாட்களை நினைவில் வைத்திருப்போரிடம் எவ்வளவு கூலி பெற்றீர்கள் என்று கேட்கும் ஆய்வாளர், திருவிழாவன்று என்ன பூசிக்கொண்டீர்கள் என்றும் கேட்டல் வேண்டும். முதல் வினா அவர்களைத் தொழிலாளராக அறியும். இரண்டாவது மனிதராக அறியும். கேட்பதற்குரிய காலம் குறுகி வருகிறது.