வெள்ளை அங்கி வைதீகம்

காவி உடுத்தி வரும் வைதீகத்தை நாம் கண்டுகொள்கிறோம். திருநீறு பூசி வந்தால் தெரிந்துகொள்கிறோம். ஆனால், அதே வைதீகம் வெள்ளை அங்கி அணிந்து, விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி வந்து நின்றால்? வணங்கி வழி விட்டுவிடுகிறோம்! சான்று கேளாமல் நிலைத்துவிட்ட பழக்கம் எதுவாயினும், அது எந்த உடையில் வந்தாலும், வைதீகமே. மருத்துவமனைகளிலும் அது குடியிருந்தது. அதன் வாயிலுக்கு வெளியே நின்று அழுதவர்கள் தாய்மார்கள். உள்ளே கிடந்து அழுதவை அவர்தம் குழந்தைகள். அந்தக் கதவு திறந்த வரலாறு, பகுத்தறிவுப் பாதையில் நடப்போர் அனைவரும் அறிய வேண்டிய வரலாறு.

குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை கண்டது மனித குலத்தின் பெருமைகளுள் ஒன்று. 1802இல் பாரிசில் ஒன்று எழுந்தது. 1852இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவில், சார்லஸ் வெஸ்ட் என்னும் மருத்துவரின் முயற்சியால், பத்தே கட்டில்களோடு மற்றொன்று தோன்றியது. நோக்கம் தூயது. ஆனால், காலம் செல்லச் செல்ல விதிகள் இறுகின. வெளியார் வந்தால் நோய்த்தொற்று வரும் என்றனர். தொற்றைத் தடுக்கும் மருந்துகள் இல்லாத நாளில் அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது, மறுப்பதற்கில்லை. பின்னர் மருந்துகள் வந்தன. விதியோ போகவில்லை! அதற்கு வேறொரு காரணம் கற்பித்தனர்: "தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாகிவிடுகிறது. ஆகவே, வராமலிருப்பதே நலம்."

எத்துணை எளிய தருக்கம்! அழாத குழந்தை இன்புற்ற குழந்தை என்று முடிவு கட்டினர். அந்த அமைதி இன்பத்தால் வந்ததா, நம்பிக்கை இழந்ததால் வந்ததா என்று கேட்டவர் எவருமில்லை.

1949இல் லண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேரங்களைத் திரட்டி வெளியிட்டனர். ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம். மற்றொன்றில் வாரத்துக்கொரு நாள் ஒன்றரை மணி நேரம். வேறொன்றில் முதல் மாதம் பார்க்கவே கூடாது. இரவு ஏழிலிருந்து எட்டுக்குள், உறங்கும் குழந்தையை வேண்டுமானால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சிறைக் கைதிக்கும் நோயுற்ற பிஞ்சுக்கும் வேறுபாடு காணாத விதிகள்! மருத்துவமனைக்கு மருத்துவமனை விதி மாறியதே, எந்த ஆராய்ச்சியின் மீதும் அது நிற்கவில்லை என்பதைக் காட்டவில்லையா?

மாற்று வழி கண்டோர் இல்லாமலில்லை. நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் மருத்துவர் 1920களிலேயே தாயையும் சேயோடு சேர்த்துத் தங்கவைத்தார். நியூசிலாந்தில் பிக்கரில் என்னும் மருத்துவத் தம்பதியர், தாயே தன் குழந்தையைப் பேணினால் ஒரு குழந்தையின் நோய் இன்னொன்றுக்குத் தாவுவது தடைபடும் என்று செய்து காட்டினர். தொற்றைக் காட்டித் தாயைத் தடுத்தோருக்கு அதைவிடச் சரியான விடை வேறென்ன வேண்டும்? ஆயினும் பெரும்பான்மையோர் செவி சாய்க்கவில்லை.

செவி சாய்க்க வைத்தவர் மருத்துவரல்லர். கிளாஸ்கோ அருகே தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ராபர்ட்சன். போர்க்காலத்தில் அன்னா பிராய்டு நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் பராமரிப்புப் பணி செய்தவர். 1948இல் ஜான் பௌல்பி என்னும் உளநோய் மருத்துவரோடு சேர்ந்து, மருத்துவமனையில் விடப்பட்ட குழந்தைகளை உற்று நோக்கத் தொடங்கினார். மூன்று படிகளைக் கண்டார். முதலில் கதறல், பின்னர் சோர்வு, இறுதியில் பற்றறுத்தல். மருத்துவமனை எதை "அமைதி" என்று மெச்சியதோ, அது உண்மையில் பற்றறுத்தல்!

சொன்னார், நம்பவில்லை. ஆகவே, கைக்கேமரா ஒன்றோடு 1952இல் ஒரு படம் எடுத்தார். இரண்டரை வயதை எட்டாத லாரா என்னும் சிறுமி. கொப்பூழ்க் குடலிறக்கத்துக்கு அறுவை. எட்டு நாள் மருத்துவமனை வாழ்வு. தனக்கு ஏற்ற காட்சிகளைப் பொறுக்கியெடுத்ததாகப் பழி வாராதிருக்க, குழந்தையைக் குறிப்பின்றித் தேர்ந்தெடுத்தார். குறித்த நேரங்களில் படம் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தையும் படத்தில் காட்டினார். லாரா அதிகம் அழவில்லை. இடையிடையே அம்மாவைக் கேட்பாள்; அடக்கிக்கொள்வாள். வீடு திரும்பும் நாளில் தாய் நீட்டிய கையை அவள் பற்ற மறுத்தாள். அறுவைப் புண் ஆறிவிட்டது. ஆறாத புண்ணுக்கு அட்டவணையில் இடமில்லை!

மருத்துவர் அவையில் படம் காட்டப்பட்டதும் சினம் பொங்கியது. அவதூறு என்றனர். ஆனால், கடிகாரத்தை எதிர்த்து வாதாட எவரால் முடியும்? 1959இல் சர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த அரசுக் குழு, பெற்றோருக்குத் தடையற்ற அனுமதி வேண்டும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு தாயும் தங்க வழி வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏட்டில் எழுதியது கூடத்துக்கு வந்ததா? உடனே வரவில்லை. 1961இல் லண்டன் பாட்டர்சீ பகுதித் தாய்மார்கள் சங்கம் கண்டு, மருத்துவமனை மருத்துவமனையாகக் கேள்வி கேட்ட பிறகே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஆனால், பெருங்கதவு திறந்தும் ஒரு சிறு பெட்டி மூடியே இருந்தது. குறைமாதக் குழந்தையை வெப்பப்பெட்டியில் வைத்துத் தாயை அப்பால் நிறுத்தினர். 1978இல் கொலம்பியா நாட்டின் பகோட்டா நகரில், பெட்டிகள் போதாமல், ஒன்றிலேயே பல குழந்தைகளைக் கிடத்தித் தொற்றுக்குப் பறிகொடுத்த ஏழைகளின் மருத்துவமனையில், எட்கர் ரே என்னும் மருத்துவர் துணிந்தார்: தாயின் மார்பையே வெப்பப்பெட்டியாக்கினார். கங்காரு முறை என்று பெயரிட்டனர். ஏழை நாட்டின் வறுமைக்கு ஏற்ற ஒட்டுவேலை என்று எள்ளியோரும் உண்டு.

எள்ளலுக்கு விடை எண்களில் வந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், ஒரு கிலோவுக்குக் குறையாமலும் 1.8 கிலோவை எட்டாமலும் பிறந்த 3,211 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியாயிற்று. உடல்நிலை சீராகும்வரை தாயைக் காக்கவைப்பதே பழைய முறை. அம்முறையில் 28 நாளுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 15.7. பிறந்த உடனேயே தாயின் மார்பில் சேர்த்து, தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தாய்க்கும் கட்டில் தந்தபோது 12.0. வேறுபாடு தெளிவானதும் ஆய்வை முன்னதாகவே நிறுத்தினர். தெரிந்த பிறகும் ஒரு சாராருக்கு நன்மையை மறுப்பது அறமாகாதல்லவா? 2022இல் உலக நல நிறுவனம் உடனடிக் கங்காரு முறையைப் பரிந்துரைத்தது.

விஞ்ஞானமும் தவறியதே, சாஸ்திரமும் தவறியதே, இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பார்கள் பழமைவாதிகள். ஒன்றல்ல! சாஸ்திரம் தன்னைக் கேள்வி கேட்டவனைத் தண்டித்தது. விஞ்ஞானம் கேள்வி கேட்டவன்மீது சினந்தது, பின்னர் கடிகாரத்தைப் பார்த்தது, எண்ணிக்கையைப் பார்த்தது, தன்னைத் திருத்திக்கொண்டது. ஆனால், அந்தத் திருத்தம் தானாக வந்துவிடவில்லை. உற்று நோக்கிய ஒருவர் வேண்டியிருந்தார். ஓய்வின்றிக் கேட்ட தாய்மார்கள் வேண்டியிருந்தார்கள்.

தோழர்களே! நாளை நீங்கள் ஒரு மருத்துவமனை வாயிலில், கைக்குழந்தையின் தாய் வெளியே நிறுத்தப்பட்டிருக்கக் காணலாம். காவலரோடு சண்டை வேண்டாம். மருத்துவரைப் பழிக்கவும் வேண்டாம். பணிவோடு, ஆனால் விடாமல், ஒன்றைக் கேளுங்கள்: "இந்த விதிக்குச் சான்று என்ன?" கோயில் கதவைத் திறந்த அதே கேள்வி, குழந்தைக் கூடத்தின் கதவையும் திறக்கும்.