சதுர அடியில் எழுதிய விலக்கு: மௌன்ட் லாரல் வழக்கின் வரலாறு



அண்ணல் அம்பேத்கரின் நினைவாக நடக்கும் இந்த உரையை, அவர் தங்க இடம் தேடி அலைந்த ஒரு நாளிலிருந்து தொடங்குகிறோம். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானப் பணிக்குப் போனவருக்கு அந்த நகரத்தில் ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் காலை தடிகளோடு வந்த பார்சிகள் அவரை வெளியேற்றினார்கள். இந்து நண்பர் ஒருவரும் கிறித்தவ நண்பர் ஒருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கைவிரித்தார்கள். ரயில் வரும்வரை பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு அவர் பம்பாய்க்குத் திரும்பினார்.

அதே 1917 நவம்பரில், அவர் படித்துவிட்டு வந்த அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வீடு பற்றிய ஒரு தீர்ப்பைச் சொன்னது. அந்தத் தீர்ப்பிலிருந்து கிளம்பும் வரலாற்றைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம். கேட்கப்போவது தொலைதூரத்துக் கதை. ஆனால் ஊருக்கும் சேரிக்கும் நடுவே நடந்து பழகிய கால்களுக்கு வழி தெரியாமல் போகாது.

கதை பால்டிமோரில் தொடங்குகிறது. 1910இல் ஆஷ்பி ஹாக்கின்ஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர், வெள்ளையர் வசிக்கும் தெருவில் ஒரு வீடு வாங்கினார். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த ஜார்ஜ் மெக்மெக்கன் அதில் குடியேறினார். படிப்பும் தொழிலும் பணமும் எல்லாம் இருந்தன. தெருவுக்கு அது போதவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் மாநகராட்சி ஒரு சட்டம் போட்டது: வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள தெருவில் கறுப்பர் குடியேறக் கூடாது, கறுப்பர் தெருவில் வெள்ளையர் குடியேறக் கூடாது. இரு பக்கமும் ஒரே தடை என்பதால் இதில் பாகுபாடு இல்லை என்றும் சொல்லிக்கொண்டார்கள்! அந்தச் சட்டத்தை எழுதிக் கொடுத்தவரும் ஒரு வழக்கறிஞர்தான்.

தெற்கே பல நகரங்கள் அதை நகலெடுத்தன. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரின் சட்டத்தை எதிர்த்து என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கம் தொடுத்த வழக்கில்தான் 1917இல் உச்ச நீதிமன்றம் இனவாரியாகத் தெரு பிரிக்கும் சட்டம் செல்லாது என்றது. எந்த வாதத்தில் வென்றார்கள் என்பதைக் கவனியுங்கள். கறுப்பருக்கு எங்கும் வாழும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தன் நிலத்தை யாருக்கும் விற்க வெள்ளைக்காரருக்கு உள்ள சொத்துரிமையை அரசு பறிக்க முடியாது என்றுதான் சொன்னது. விற்பவரின் உரிமை காப்பாற்றப்பட்டது. வாங்குபவரின் மானம் தீர்ப்புக்கு வெளியே நின்றது.

நிறத்தைச் சொல்லி விலக்க முடியாது என்றானதும், நிறத்தைச் சொல்லாமல் விலக்கும் வழி தேடப்பட்டது. அது முன்பே வளர்ந்துகொண்டிருந்தது. அதன் பெயர் ஸோனிங். ஊரின் நிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, இங்கே தொழிற்சாலை, இங்கே கடை, இங்கே வீடு, வீடென்றால் இத்தனை சதுர அடி மனையில் இத்தனை பெரிய வீடு என்று விதிப்பது. சாயப்பட்டறைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் வராமல் காப்பதும் இதே விதிதான் என்பதால், இதை முழுக்கத் தீயது என்று நாம் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் கிராமத்து வழக்கில் 1926இல் உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரத்தை உறுதிசெய்தபோது, தனி வீடுகள் உள்ள பகுதியில் வரும் அடுக்ககத்தை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. கீழமை நீதிமன்ற நீதிபதியோ, மக்களை வருமானப்படி வகைபிரித்து ஒதுக்குவதே இதன் விளைவு என்று நேராகவே எழுதியிருந்தார். அவர் தீர்ப்புதான் ரத்தானது.

இனி மௌன்ட் லாரலுக்கு வருவோம்.

நியூ ஜெர்சி மாநிலத்தின் தென்பகுதியில், கேம்டன் நகரிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் வண்டியில் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஊர் அது. 22 சதுர மைல். 1950இல் மக்கள்தொகை 2,817. நெடுஞ்சாலைகள் வந்தன, வெள்ளை நடுத்தர வர்க்கம் நகரங்களை விட்டு வெளியேறியது, 1970இல் 11,221 ஆனது. ஆனால் அந்த ஊருக்குப் புதிதாக வராதவர்களும் இருந்தார்கள். பல தலைமுறைகளாக அங்கேயே பண்ணை வேலை செய்த கறுப்பினக் குடும்பங்கள் அவை. எத்தல் லாரன்ஸ் அந்த மண்ணில் ஆறாம் தலைமுறை. குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியை. ஸ்பிரிங்வில் என்ற பகுதியில் அவருடைய மக்கள் கோழிக்கொட்டகைகளைத் தட்டிச் சரிசெய்த கூரைகளின் கீழ் வாழ்ந்தார்கள். அப்படியொரு வீடு காலியானால், வாழத் தகுதியற்றது என்று சொல்லி மறுபடி யாரும் குடியேறாமல் ஊர் நிர்வாகம் பார்த்துக்கொண்டது. மாற்று வீடு தரவில்லை. இப்படி ஓசையில்லாமல் ஓர் இனம் ஊரைவிட்டுக் கழிந்துகொண்டிருந்தது.

1968இல் ஸ்பிரிங்வில் பகுதியில் அரசு மானியத்தோடு எளியோருக்கு அடுக்கு வீடுகள் கட்ட லாப நோக்கமற்ற சங்கம் ஒன்று முன்வந்தது. அதற்கு ஊர் நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? மறுக்கவில்லை. ஒப்புதல் தீர்மானமே போட்டது! இத்தகைய வீடுகள் தேவை என்று ஒத்துக்கொண்டு, நடைமுறையில் உள்ள எல்லா மண்டல விதிகளுக்கும் உட்பட்டுக் கட்டலாம் என்று ஒரு வரி சேர்த்தது. அந்தப் பகுதியின் விதியோ, ஒரு குடும்பத்துக்கு ஒரு தனி வீடு, வீட்டுக்கு 20,000 சதுர அடி மனை. ஏறக்குறைய அரை ஏக்கர். கோழிக்கொட்டகையில் இருப்பவருக்கு அரை ஏக்கர் மனையில் தனி வீடு! அந்த ஒப்புதலிலேயே திட்டம் செத்தது.

1970இல் ஊரின் கறுப்பினத் தேவாலயமான ஜேக்கப்ஸ் சாப்பலில் மக்கள் கூடியிருந்தபோது, இந்த ஊரில் வாழ வசதியில்லாதவர்கள் கிளம்பிவிட வேண்டியதுதான் என்ற பொருளில் மேயர் பேசினார். யார் யாரை வெளியூர்க்காரர் என்றது! ஆறு தலைமுறையாக உழுத மக்களைப் பார்த்து.

1971இல் வழக்கு. கேம்டன் வட்டார ஏழைகளுக்கான சட்ட உதவி அலுவலகத்தின் இளம் வழக்கறிஞர்கள் பீட்டர் ஓ'கானர், கார்ல் பிஸ்கேயர், கென்னத் மைசர் ஆகியோர் நடத்தினார்கள். என்.ஏ.ஏ.சி.பி.யின் வட்டாரக் கிளைகளோடு எத்தல் லாரன்ஸும் அவர் மகளும் மனுதாரர்கள். ஊர்க்கூட்டத்தில் பேசுகிறவர்களும், அந்தப் பேச்சை மனுவாகத் திருப்பத் தெரிந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்தான் இந்த வழக்கு நின்றது என்பது எங்கள் கணிப்பு.

நீதிமன்றத்தில் வெளிவந்த விதிகளை வகுப்பறையில் வைத்துப் படிக்க வேண்டும். ஊரின் நிலத்தில் 29.2 சதவீதம் தொழிற்சாலைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. நாலாயிரம் ஏக்கருக்கு மேல். அதில் நூறு ஏக்கர்கூடப் பயன்பாட்டில் இல்லை. குடியிருப்பு மண்டலங்கள் எல்லாம் தனி வீடுகளுக்கே. சில பெரிய திட்டங்களில் மட்டும் அடுக்ககங்களை அனுமதித்தார்கள். ஆனால் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இரண்டு படுக்கையறை வீட்டில் இருவருக்கு மேல் கூடாது. சராசரியாக வீட்டுக்கு 0.3 பிள்ளைக்கு மேல் பள்ளியில் சேர்ந்தால், கூடுதல் பிள்ளைகளின் கல்விச் செலவைக் கட்டுமான நிறுவனமே கட்ட வேண்டும். பிள்ளையை இப்படிப் பின்னத்தில் எண்ணியதற்குக் காரணம் வரி. அங்கே உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்துதான் பள்ளி நடக்கிறது. தொழிற்சாலை வரி கட்டும், பள்ளிக்கு வராது. ஏழைக் குடும்பம் குறைவாக வரி கட்டும், பிள்ளைகளை அனுப்பும். எனவே தொழிற்சாலைக்குக் காலி நிலம் காத்திருந்தது, பிள்ளைக்கு இடமில்லை. இந்த விதிகளில் எங்கும் ‘கறுப்பர்’ என்ற சொல் கிடையாது.

1975 மார்ச் 24 அன்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி பிரெடரிக் ஹால். வளரும் ஊர் ஒவ்வொன்றும், தன் வட்டாரம் முழுவதன் வீட்டுத் தேவையில் நியாயமான பங்கை ஏற்கும்படி நில விதிகளை அமைக்க வேண்டும் என்றது. மண்டலம் பிரிக்கும் அதிகாரம் மாநிலம் தந்தது, மாநிலம் என்பது எல்லா மக்களும். எனவே ஊர் தன் எல்லைக்குள் இருப்பவர்களின் நன்மையை மட்டும் பார்க்க முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ‘மக்கள் பங்கேற்பு’, ‘கருத்துக் கேட்பு’ என்ற சொற்களை இன்று எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் பார்க்கிறோம். ஒரு நகரத்தின் முழுமைத் திட்ட வரைவுக்கான கூட்டம் ஒன்றுக்கு நாங்களும் போயிருந்தோம். வரைபடத்தில் கோயில் குளமும் கல்லூரியும் பெயரோடு இருந்தன. எங்களோடு வந்திருந்தவர்களின் குடியிருப்பு இருந்த இடம் விவசாயப் பயன்பாடு என்று பச்சையடிக்கப்பட்டிருந்தது. இல்லாத இடத்திலிருந்து வந்தவர்கள் எந்தக் கருத்தைச் சொல்வது? அதிகாரி பொறுமையாகவே விளக்கினார், ஆட்சேபணையைச் சர்வே எண்ணோடு எழுதித் தரும்படி. பங்கேற்பு என்பது ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் பங்கேற்பாகவே முடிந்துவிடுகிறது. வரவிடாமல் தடுக்கப்பட்டவருக்கு அந்த அறையில் நாற்காலி போடுவதில்லை. மௌன்ட் லாரல் தீர்ப்பு அந்த நாற்காலியைத்தான் போட்டது. அதனால்தான் அதைப் பெரிய தீர்ப்பு என்கிறோம்.

அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். வழக்கை நடத்தியவர்கள் கறுப்பின மக்கள். ஆனால் நீதிமன்றம் இனத்தை ஓரத்தில் வைத்துவிட்டு, குறைந்த, நடுத்தர வருமானத்தாரின் பிரச்சினையாக அதைத் தீர்த்தது. அதனால் அணி பெரிதானது உண்மை. ஆனால் வருமானம் குறைந்தவர் என்ற பெயரில் வெள்ளை இன முதியோருக்கான வீடுகளைக் கட்டி ஒரு ஊர் தன் கணக்கைச் சரிசெய்துவிட முடியும். சாதியை எடுத்துவிட்டு ‘பொருளாதாரத்தில் நலிந்தோர்’ என்று எழுதும்போது யார் உள்ளே வருகிறார், யார் வெளியே போகிறார் என்று நம்மிடம் நடக்கும் விவாதம் இதற்குத் தூரத்து உறவல்ல.

தீர்ப்பு வந்த பிறகு மௌன்ட் லாரல் என்ன செய்தது? 14,000 ஏக்கரில் 20 ஏக்கரை எடுத்து எளியோர் வீட்டுக்கு என்று குறித்தது. மொத்த நிலத்தில் கால் சதவீதம்கூட இல்லை. வீடு ஒன்றும் எழவில்லை. வழக்கு மறுபடி மேலே போனது. 1983 ஜனவரியில் தலைமை நீதிபதி ராபர்ட் விலென்ட்ஸ் எழுதிய இரண்டாம் தீர்ப்பில் கோபம் தெரிந்தது. காகிதமும் சாட்சியும் மேல்முறையீடும் பெருகின, வீடு மட்டும் வரவில்லை என்றார். அதோடு ஒரு தந்திரத்தையும் புகுத்தினார். எளியோருக்குக் கணிசமான பங்கு, தோராயமாக 20 சதவீதம், ஒதுக்கிக் கட்ட முன்வரும் கட்டுமான நிறுவனம் ஊரின் மேல் வழக்குப் போட்டு அனுமதியைப் பெறலாம். தர்மத்தால் நடக்காததை லாபத்தால் நடத்தப் பார்த்த ஏற்பாடு. வழக்குகள் குவிந்தன. நிலப் பயன்பாட்டு வழக்கறிஞர் நிறுவனங்களுக்கு இரு தரப்பிலும் வேலை கிடைத்தது. இதை நாம் முகம் சுளித்துப் பார்க்கலாம், ஆனால் வீடுகள் எழத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அரசியல்வாதிகள் சும்மா இருக்கவில்லை. 1985இல் வந்த மாநிலச் சட்டம் பொறுப்பை நீதிமன்றத்திலிருந்து ஒரு மன்றத்துக்கு மாற்றியது. கூடவே, ஓர் ஊர் தன் பங்கில் பாதிவரை பணம் கொடுத்து வேறோர் ஊருக்குத் தள்ளிவிடலாம் என்றது. பணக்காரப் புறநகர்கள் பணம் கட்டின, நெவார்க், ட்ரென்டன் போன்ற ஏழை நகரங்கள் வாங்கிக்கொண்டன. ஏழைக்கு வீடு உண்டு, எங்கள் பக்கத்தில் வேண்டாம். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு லாரியில் ஏற்றப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2008இல்தான் அந்த வழி மூடப்பட்டது.

எத்தல் லாரன்ஸ் 1994இல் இறந்தார். அவர் ஊரில் அதுவரை அந்த வீடுகளுக்கு ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை. 1997இல் திட்டக் குழுவின் கூட்டங்களில் குற்றம் பெருகும், மனை விலை விழும், வரி ஏறும் என்று எதிர்ப்பாளர்கள் அறையை நிரப்பினார்கள். எதிரே நின்ற அமைப்பு, 1971இல் மனுப் போட்ட பீட்டர் ஓ'கானர் தொடங்கியது. இடையில் ஓடியவை 26 ஆண்டுகள். அனுமதி கிடைத்தது. 2000இல் முதல் குடும்பங்கள் குடியேறின, பிறகு 140 வீடுகள் ஆயின. அந்தக் குடியிருப்புக்கு எத்தல் லாரன்ஸ் ஹோம்ஸ் என்று பெயர்.

சமூகவியல் மாணவர்கள் டக்ளஸ் மாசியும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ‘கிளைம்பிங் மௌன்ட் லாரல்’ நூலைத் தேடிப் படிக்கலாம். குடியேறியவர்களையும், விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். வந்தவர்களின் வேலையும் வருமானமும் பிள்ளைகளின் படிப்புச் சூழலும் மேம்பட்டிருந்தன. கூட்டத்தில் கத்தியவர்கள் பயந்த மூன்றும், குற்றம், மனை விலை, வரி, சுற்றியுள்ள இதே போன்ற ஊர்களைவிட மாறுபடவில்லை. பக்கத்து வீட்டுமனைப் பகுதிகளில் கணிசமானோருக்கு இப்படியொரு குடியிருப்பு அங்கே இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

2015இல் அரசு மன்றம் செயலற்றுப் போனது என்று சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் பொறுப்பைத் திரும்பத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. 2024 மார்ச்சில் அந்த மன்றத்தையே கலைத்து, ஊர்வாரிக் கணக்குக்குப் புதிய முறையை வகுக்கும் சட்டம் வந்தது. இப்போது நடப்பது நான்காம் சுற்று. அந்தச் சுற்றுக்கான காலம் 2035 வரை.