முதற்சோறும் சவலைப் பிள்ளையும்

திருமலைக்கு ஏறும் கூட்டத்தில் கைக்குழந்தையோடு வருவோர் என்றும் உண்டு. சிலர் முடியிறக்க வருவர். சிலர் குழந்தைக்கு முதற்சோறு ஊட்ட வருவர். தாய்மாமன் மடியில் குழந்தை இருக்கும். வெள்ளிக் கிண்ணத்தில் நெய்யும் பாலும் விட்டுக் குழைத்த சோறு இருக்கும். அதில் விரல்நுனி அளவு எடுத்து உதட்டில் தடவுவர். குழந்தை முகத்தைச் சுளிக்கும், சுற்றியிருப்போர் நகைப்பர். அத்துடன் சடங்கு முடிந்துவிடும். மறுநாள் அக்குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது.

இதனைச் சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் நின்று பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. 1911 ஏப்ரல் முதல் நாள் வட ஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் ஆகியவற்றின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்று, 2022-இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. எல்லைகள் இவ்வாறு நகர்ந்தபோதும் நகரியிலும் குப்பத்திலும் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்துதான் பேசிவந்தன. தமிழ்த் தாய் சங்கிலோ பாலாடையிலோ ஊட்டுவதைத் தெலுங்குத் தாய் ‘உக்கு கின்னெ’யில் ஊட்டுவாள், இதில் ககரத்தை மெலித்து ஒலிக்க வேண்டும். ‘உக்கு’ என்பது பச்சிளங் குழந்தைக்குப் புகட்டும் சிறிதளவு உணவு. ஒன்றைச் சிறுபிராயத்திலேயே கற்றவனை ‘உக்குப் பாலோடு கற்றவன்’ என்பது தெலுங்கர் வழக்கு. சோறூட்டும் நாளில் ஏடு, எழுதுகோல், பொன் முதலியவற்றைப் பரப்பி, குழந்தை தவழ்ந்து சென்று எதனைத் தொடுகிறது என்று பார்ப்பதும் அவர்களிடம் உண்டு. இதனை அண்டைவீட்டாரிடமிருந்து ஏற்றுக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல.

எந்த மாதத்தில் ஊட்டுவது? மனுநூல் ஆறாம் மாதம் என்று கூறி, குலவழக்கத்திற்கும் இடம் விடுகிறது. குழந்தை மருத்துவம் கூறும் காசியப சம்ஹிதை ஆறாம் மாதத்தில் பழத்தையும், அன்னத்தைப் பல் முளைத்த பின்னர்ப் பத்தாம் மாதத்திலும் வைக்கிறது. பிள்ளைக்கவியின் உறுப்புகளை எண்ணும் நம் பழைய நிகண்டு மரபில் ஏழாம் திங்களில் அமுதூட்டல் சொல்லப்படுகிறது. ஆறு மாதம் நிறைந்து ஏழாவது பிறக்கும் வேளை என்று கொண்டால், இன்றைய மருத்துவம் கூறும் கணக்கும் அதுவே.

ஆயினும் இருபதாம் நூற்றாண்டு அக்கணக்கினின்று சற்று விலகிச் சென்று திரும்பியது. டப்பாப் பால் மாவு நாகரிகத்தின் அடையாளமாயிற்று. மருத்துவர்களும் மூன்றாம் மாதம், நான்காம் மாதம் என்று முன்னே தள்ளினர். உலகச் சுகாதார நிறுவனமே நான்கு முதல் ஆறு மாதம் என்றுதான் சொல்லிவந்தது. 2001-இல்தான் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று அது உறுதி செய்தது. பால்மாவு விளம்பரங்களை நம் நாட்டுச் சட்டம் 1992-இலேயே கட்டுப்படுத்தியிருந்தது. பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் நாவில் தொட்டுவைக்கும் ‘சேனை’ வழக்கமோ நம்முடையதே. அதற்கு வெளியாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓராண்டு நிறையுமுன் தேன் ஆகாது.

மாதத்தில் பாட்டி தவறவில்லை. தவறு அதற்குப் பின் நேர்ந்தது. முதற்சோறு ஊட்டியாயிற்று என்ற நிறைவில், ஏழாம் மாதமும் எட்டாம் மாதமும் வடித்த கஞ்சித் தெளிவோ பருப்புத் தண்ணீரோ மட்டும் புகட்டிய வீடுகள் பல. தாயின் வயிற்றிலிருந்து குழந்தை கொண்டுவந்த இரும்புச் சத்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் அது குறைவு. வளர்ச்சியோ நிற்பதில்லை. இதனிடையே தாய் மீண்டும் கருவுற்று, பாலும் நின்றால் மெலியும் பிள்ளைக்கு நம் முன்னோர் ‘சவலை’ என்று பெயரிட்டனர்.

அச்சொல்லின் நுட்பத்தைக் கண்டு வியக்க நான் ஆப்பிரிக்கா வரை போக வேண்டியிருந்தது. இன்று கானா எனப்படும் நாட்டில் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவப் பெண்மணி, உடல் வீங்கி முடி நிறம் மாறி வாடும் குழந்தைகளின் நோயை 1933-இல் விவரித்தார். அவ்வூர்க் கா மொழித் தாய்மார் வழங்கிய ‘குவாஷியார்க்கர்’ என்ற பெயரையே 1935-இல் மருத்துவ உலகிற்கு அளித்தார். அடுத்த குழந்தை பிறக்கையில் முன்னதைப் பற்றும் நோய் என்பது அதன் பொருள். நோயின் தோற்றம் சவலையினின்று வேறுபடலாம். ஆனால் நோய்க்கு முன் என்ன நடந்தது என்பதை இரு நாட்டுத் தாய்மாரும் ஒன்றாகவே கண்டிருந்தனர்.

இக்குறை புரதத்தினுடையது என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. அதனை மறுத்தவர்களுள் முன்னின்றவர் 1918-இல் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் தொடங்கி 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் தலைவராக அவர் இருந்தார். ஏழைக் குழந்தைக்கு முதற்குறை உணவின் அளவே, வயிறாரக் கிடைத்தால் வீட்டுத் தானியமும் பருப்புமே பெரும்பாலும் போதும் என்று அவர் காட்டினார். அந்நிலையத்தார் வகுத்த கலவையில் வறுத்த கோதுமை 40 கிராம், கடலைப் பருப்பு 16, நிலக்கடலை 10, வெல்லம் 20. நிலக்கடலை விளையும் சித்தூர்ச் சீமைக்கு இதில் புதியது எதுவுமில்லை.

ஆனால் குழந்தையின் வயிறு சிறிது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300. மாவைக் காய்ச்சினால் அது உப்பிக் கெட்டியாகும். கெட்டியைத் தளர்த்தத் தண்ணீர் விட்டால் வயிறு நிறையும், சத்து நிறையாது. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து அரைக்கும் பழைய முறை இச்சிக்கலைத் தீர்க்கிறது. முளைக்கையில் எழும் நொதி மாப்பொருளை உடைப்பதால், அதிக மாவு இட்டாலும் கூழ் இளகியே இருக்கும். மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தார் 1980-ஆம் ஆண்டையொட்டி இதனை ஆராய்ந்து விளக்கினர். இராகிச் சங்கட்டி உண்டு வளர்ந்த மண்ணுக்கு இது பாட்டி கைப்பக்குவம்.

2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் பெறும் குழந்தைகள் 64 விழுக்காடு என்று கண்டது. ஆறு முதல் எட்டு மாதத்தில் தாய்ப்பாலோடு உணவும் பெறுவோர் 46 விழுக்காடு. இருபத்து மூன்று மாதம் வரையில் போதிய உணவு பெறுவோரோ 11 விழுக்காடுதான்! செய்தி சென்று சேர்ந்த இடத்திற்கும் சோறு சென்று சேர்ந்த இடத்திற்கும் உள்ள தூரம் இது.

வெளிமாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு இத்தூரம் இன்னும் நீளும். மும்பையிலோ சூரத்திலோ ஓர் அறைக் குடித்தனம், பாட்டி ஊரில், மருத்துவமனையில் பேசும் மொழி அரைகுறை. அத்தகைய தாய் ஒன்று செய்யலாம். 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவை அளிக்கிறது. அப்பகுதியில் குடியிருக்கும் குழந்தைக்குப் பெயர் பதியக் கேட்பது உரிமை, மொழி தடையன்று.

வெள்ளிக் கிண்ணம் இல்லையே என்று வருந்த வேண்டாம். திருமலையில் குலசேகரப் படியைக் கடந்து சுவாமிக்குச் செல்லும் தயிர்ச்சோறே உடைந்த மட்கலத்தில்தான் செல்கிறது. முதலில் நாளுக்கு இரண்டு மூன்று வேளை, மசித்த சோறும் பருப்பும், ஒரு சொட்டு நெய், வெந்த கீரை, பிசைந்த வாழைப்பழம். முட்டை உண்ணும் வீட்டில் வேகவைத்த முட்டை. தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் நிறுத்த வேண்டியதில்லை. பதம் பார்க்க மருத்துவர் வேண்டாம். கரண்டியைச் சாய்த்தால் கூழ் தண்ணீராய் ஓடக் கூடாது. மெல்ல நழுவி விழ வேண்டும்.