வண்டல் காத்த வீதி: கலீனா நகரின் பழைய கடைத்தெரு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் கலீனா என்ற சிறு நகரம் உள்ளது. ஆற்றங்கரையை ஒட்டி வளைந்து செல்லும் அதன் முதன்மை வீதியின் இருபுறமும் 19ஆம் நூற்றாண்டின் செங்கல் கட்டடங்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. 1969இல் இப்பகுதி வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. பழமையைப் போற்றும் மக்கள் மனப்பான்மையே இவ்வீதியைக் காத்தது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பதிவேடு பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இவ்வீதியைக் காக்கத் தொடங்கியது பொருளாதாரத் தேக்கம்தான்.

கலீனா என்பது காரீயத் தாதுவின் பெயர். 1840களில் அமெரிக்கக் காரீய உற்பத்தியின் பெரும்பங்கு இந்நகரைச் சூழ்ந்த சுரங்கப் பகுதியிலிருந்தே கிடைத்தது. மிசிசிப்பி ஆற்றோடு கலக்கும் கலீனா ஆற்றின் வழியே நீராவிப் படகுகள் நகரின் வாயில்வரை வந்தன. 1845–46இல் சந்தைக் கட்டடமும் 1855இல் டிசோட்டோ ஹவுஸ் என்ற பெரிய விடுதியும் எழுந்தன. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 8,000ஐத் தாண்டியிருந்தது.

நகரை வளர்த்த தொழிலே அதன் துறைமுகத்தையும் அழித்தது. தாதுவை உருக்குவதற்காகச் சுற்றுக் குன்றுகளின் மரங்கள் வெட்டப்பட்டன. சுரங்கமும் உழவும் மண்ணைத் தளர்த்தின. மழைநீரில் கரைந்த மண் ஆற்றில் வண்டலாகப் படிந்தது. 1849இல் கலிபோர்னியத் தங்கம் சுரங்கத் தொழிலாளர் பலரை மேற்கே ஈர்த்தது. 1854இல் வந்த ரயில்பாதை அடுத்த ஆண்டே மிசிசிப்பிக் கரையிலுள்ள டன்லீத் வரை நீண்டது. சரக்குகளை இறக்கி ஏற்றும் இடமும் அங்கே மாறியது. படகுக்கும் ரயிலுக்கும் இடையில் கலீனா தன் வணிகத்தை இழந்தது. 2020இல் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 3,300 மட்டுமே.

செல்வம் தங்கிய நகரங்களில் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டுப் புதியன எழுந்தன. கலீனாவில் இடிப்பதற்கும் பணம் இல்லை; புதிதாகக் கட்டுவதற்கான தேவையும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலைஞர்களும் சுற்றுலாப் பயணிகளும் வந்தபோது, வறுமை விட்டுவைத்த வீதி விலைமதிப்புள்ள மரபுச் செல்வமாக மாறியது.

ஆய்வாளர் கவனிக்கவேண்டிய சிக்கல் இங்கேதான் எழுகிறது. பாதுகாக்கப்பட்ட முகப்புகள் வணிகர்களின் காலத்தை மட்டுமே பேசுகின்றன. வணிகர்கள் வருமுன்னரே இம்மண்ணில் காரீயம் எடுத்தவர்கள் மெஸ்குவாகி, சாக், ஹோ-சங்க் மக்கள்; அவர்களுள் பெண்களின் உழைப்பு முதன்மையானது. 1829இன் உடன்படிக்கை ஹோ-சங்க் மக்களிடமிருந்து காரீய நிலத்தைப் பறித்தது. 1832இன் பிளாக் ஹாக் போர் இப்பகுதிப் பூர்வகுடிகளின் வெளியேற்றத்தை விரைவுபடுத்தியது. அடிமைமுறை தடைசெய்யப்பட்ட மாநிலமாக இருந்தும், 1820களில் கென்டக்கியிலிருந்து அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் சுரங்க வேலைக்குக் கொண்டுவரப்பட்டனர். இவர்கள் எவருக்கும் வீதியில் செங்கல் முகப்பு இல்லை.

எனினும் ஒரு கட்டடம் இந்த மௌனத்தைக் கலைக்கிறது. இன்றும் அஞ்சலகமாக இயங்கும் பழைய சுங்க மாளிகையின் கட்டுமானத்தை 1857 முதல் மேற்பார்வையிட்டவர் செனகா இனத்தவரான ஈலி எஸ். பார்க்கர். சட்டம் பயின்றும், அமெரிக்கக் குடிமகன் அல்லர் என்ற காரணத்தால் வழக்கறிஞராக அனுமதிக்கப்படாமல் பொறியாளரானவர் அவர். 1860இல் தந்தையின் தோல்கடையில் வேலை செய்ய வந்த யுலிசிஸ் கிராண்டை அவர் சந்தித்ததும் கலீனாவில்தான். 1865இல் அப்பமாடாக்ஸில் தென்மாநிலப் படைத்தலைவர் லீ சரணடைந்தபோது, அதன் நிபந்தனைகளின் இறுதிப் படியை எழுதியது பார்க்கரின் கை. கிராண்டுக்கு நகரத்தார் வழங்கிய வீடு இன்று நினைவிடமாக இருக்கிறது. பார்க்கரைத் தேடிச் செல்வோர் அஞ்சலகத்தின் சுவர்களைத்தான் பார்க்கவேண்டும்.

ஒரு வரலாற்று வீதியைப் பதிவேட்டில் சேர்க்கும்போது அதன் சிறப்புக்குரிய காலமும் வரையறுக்கப்படுகிறது. அந்த வரையறை நிர்வாகத்துக்குத் தேவை. ஆனால் அதையே வரலாற்றின் எல்லையாக ஏற்பது பிழை. கட்டடங்கள் சான்றுகள்தாம். கட்டும் வசதி பெற்றிருந்தோர் விட்டுச்சென்ற சான்றுகள் அவை என்பதை மறவாமல் படிக்கவேண்டும். வீதிக்கு அருகே ஒடுங்கி ஓடும் ஆற்றின் வண்டலும் அதே அளவு நம்பகமான ஆவணமே. நகர வரலாறு பயிலும் மாணவர்கள் முகப்புகளோடு அந்த வண்டலையும் சேர்த்து வாசிக்கப் பழகவேண்டும்.