இருபத்து நாலு டாபி

பல்வலி வந்தால்தான் வாயில் பல் இருப்பது நினைவுக்கு வருகிறது. எனக்கு அது ஒரு மார்கழி மாதத்து விடியற்காலையில் நினைவுக்கு வந்தது. கீழ்வரிசையில் வலது புறத்துக் கடைவாய்ப் பல். கிராம்புத் தைலம், உப்புப் போட்ட வெந்நீர், பக்கத்து வீட்டு மாமி சொன்ன கண்டங்கத்திரி விதைப் புகை ஆகிய சகல உபசாரங்களையும் ஏற்றுக்கொண்டு, கொஞ்சமும் நன்றியில்லாமல் அது மேலும் வலித்தது. கடைசியில் பல் வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "காபி சாப்பிடுவதுண்டா?" என்றார்.

"உண்டு."

"சர்க்கரை போட்டுத்தானே?"

"சர்க்கரை போடாவிட்டால் அதற்குக் கஷாயம் என்றல்லவா பெயர், டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. அடுத்தபடியாக, ஒரு ஸ்பூனா இரண்டு ஸ்பூனா என்று கேட்பார் என எதிர்பார்த்து, விடையையும் சற்றுக் குறைத்தே தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

எழுத உட்கார்ந்தால் எனக்கு மணிக்கொரு தரம் அரை டம்ளர் காபி வேண்டும். இரண்டு காபிக்கு நடுவில் வாய் சும்மா இருக்கக் கூடாதென்று மேஜை இழுப்பறையில் கடலை மிட்டாய் இருக்கும். சில நாட்களில் கமர்கட்டும் இருக்கும். கணக்குப் பார்த்தேன். பத்துக்குக் குறையவில்லை.

"எவ்வளவு என்பது அப்புறம் ஸார். எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். கமர்கட் வெல்லத்தில் செய்தது என்று சொல்லாதீர்கள். பல்லுக்கு வெல்லமும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு ஊசியைக் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு சம்பாஷணை நடத்தும் நிலையில் நான் இல்லை.

மரத்துப்போன கன்னத்துடன் வீடு திரும்பும்போது அந்த வாக்கியமே மனத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. அளவல்ல, தடவைதான் முக்கியம் என்பதை யார் கண்டுபிடித்தார்கள்? எப்படிக் கண்டுபிடித்தார்கள்? புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன். புரட்டியிருக்க வேண்டாமோ என்று பிற்பாடு தோன்றியது.

சர்க்கரையைக் கட்டியாகச் செய்யும் வித்தையை உலகுக்குக் கொடுத்தது நம்முடைய தேசந்தான். 'சர்க்கரா' என்ற வடசொல்லுக்குப் பருக்கைக்கல் என்று பொருள். அது பாரசீகத்துக்கும் அரபு நாட்டுக்கும் போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, இங்கிலாந்தில் 'ஷுகர்' ஆயிற்று. ஸ்வீடனில் 'ஸொக்கெர்' ஆயிற்று. நம் கற்கண்டில் உள்ள 'கண்டு'தான் இங்கிலீஷ்காரரின் 'காண்டி'. ஆகையால் வெள்ளைக்காரனின் பல் சொத்தையில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டென்று சொன்னால் மறுப்பதற்கில்லை.

அந்தப் பங்கைப் பெற்றவர்களில் மிகவும் பிரசித்தமானவர் முதலாம் எலிஸபெத் மகாராணி. 1598ல் பால் ஹென்ட்ஸ்னர் என்ற ஜெர்மானிய யாத்திரிகர் கிரீனிச் அரண்மனையில் அவரைப் பார்த்தார். ராணியின் நகைகளையும் நடையையும் வர்ணித்துக்கொண்டு வந்தவர், பற்கள் கறுத்திருந்ததையும் மறைக்காமல் எழுதிவிட்டார். சர்க்கரையை அளவுக்கு மிஞ்சித் தின்பதால் இங்கிலீஷ்காரர்களுக்கு வரும் குறை அது என்று காரணமும் சொன்னார். அந்தக் காலத்தில் சர்க்கரை விலை உயர்ந்த சரக்கு. சொத்தைப் பல் சீமான்களின் சொத்தாகவே இருந்தது. பிறகு மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டு கரும்பு பயிரிட்டார்கள். சர்க்கரை மலிந்தது. ஏழைக்கும் பல்வலி கிடைத்தது.

ஆனால் பல் ஏன் சொத்தையாகிறது என்பது வெகு காலம் யாருக்கும் விளங்கவில்லை. பல்லுக்குள் புழு இருந்து அரிக்கிறது என்று பாபிலோனியர் காலத்திலிருந்தே மனிதர்கள் நம்பி வந்தார்கள். நாமும் இன்றுவரை 'பூச்சிப் பல்' என்றுதானே சொல்கிறோம்? மாமியின் கண்டங்கத்திரிப் புகையும் அந்தப் பூச்சியை விரட்டத்தான். 1728ல் பிரெஞ்சு வைத்தியர் பியேர் போஷார் பல் வைத்தியத்தைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அதில், தேடிப் பார்த்தும் புழு எதுவும் தமக்குத் தென்படவில்லை என்று எழுதி, குற்றத்தைத் தின்பண்டங்கள் பக்கம் திருப்பினார். பெர்லினில் வேலை பார்த்த வில்லபி மில்லர் என்ற அமெரிக்கர், பிடுங்கிய பற்களை எச்சிலிலும் ரொட்டியிலும் ஊறவைத்துப் பார்த்து, 1890ல் விஷயத்தை உடைத்துச் சொன்னார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் மாவையும் சர்க்கரையையும் தாமும் உண்டு அமிலமாக்குகின்றன. அந்த அமிலந்தான் பல்லைக் கரைக்கிறது. அப்படியானால் ஒருவகையில் பூச்சிதான். கண்ணுக்குத் தெரியாத பூச்சி. மாமியிடம் இதை நான் சொல்லவில்லை.

1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்கர் இதை அளந்தே காட்டினார். இனிப்பு நீரால் வாய் கொப்புளித்த சில நிமிஷங்களுக்குள், பல்மேல் படிந்திருக்கும் படலத்தில் புளிப்பு ஏறுகிறது. உமிழ்நீர் அதைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டு வர அரை மணியோ ஒரு மணியோ ஆகிறது. அந்த நேரமெல்லாம் பல் கரைகிறது. என் காபிக் கணக்கை இதோடு வைத்துப் பார்த்தேன். காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை என் பல்லுக்கு ஓய்வே இல்லை. எலுமிச்சைச் சாற்றிலும் சோடா வகையறாவிலும் கிருமிக்குக்கூட வேலையில்லை. அமிலம் நேராகவே வந்து சேர்ந்துவிடுகிறது.

ஆனால் இவையெல்லாம் சோதனைச் சாலைக் கணக்குகள். உயிருள்ள மனிதன் வருஷக்கணக்கில் இனிப்புத் தின்றால் எந்த வகையில் தின்னும்போது பல் அதிகம் கெடுகிறது? இதற்கு விடை காண, சாப்பாட்டை அளந்து கொடுத்து வெகு நாள் கவனிக்க மனிதர்கள் வேண்டும். ஸ்வீடன் தேசத்தில் அப்படி மனிதர்கள் கிடைத்தார்கள்.

ஸ்வீடனில் அப்போது ஜனங்களின் பற்கள் படுமோசமாக இருந்தன. 1938ல் சர்க்காரே பொதுப் பல் வைத்தியத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. சொத்தைகளோ ஏராளம், வைத்தியர்களோ சொற்பம். வந்த பிறகு அடைப்பதைவிட வராமல் தடுப்பது மேல் என்று யோசித்தார்கள். அதற்குக் காரணம் நிச்சயமாகத் தெரிய வேண்டும். தென் கோடியில் லுண்ட் என்ற பல்கலைக்கழக நகரத்தில், மூளை வளர்ச்சி மிகக் குன்றியவர்களுக்காக 1935ல் திறந்த வீப்பெஹோம் என்ற ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே இருந்தவர்கள் வெளியே போவதில்லை, கடையில் எதுவும் வாங்கித் தின்பதில்லை, கொடுத்ததைச் சாப்பிடுவார்கள். ஆராய்ச்சிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்குமா?

1945ல் ஆரம்பித்தார்கள். முதலில் வைட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. பிறகு, சொத்தையை வரவழைத்தே பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். 1947 முதல் 1949 வரை இனிப்பு ஊட்டல் முழு அளவில் நடந்தது. சர்க்கரை, சாக்லேட், மிட்டாய் வியாபாரிகள் பணமும் பண்டமும் கொடுத்து உதவினார்கள். ஆராய்ச்சி அறிக்கையில் இடம் பெற்றவர்கள் 436 பேர். அவர்களைக் கோஷ்டி கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை கரைத்த பானம். நாள் ஒன்றுக்கு 300 கிராம் சர்க்கரை. ஒன்றுக்கு இனிப்பு ரொட்டி, ஒன்றுக்குச் சாக்லேட். இன்னொரு கோஷ்டிக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே, நாள் முழுவதும் பரப்பி, 24 டாபி. அது சாதாரண டாபி அல்ல. பல்லிடுக்கில் நெடுநேரம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி தனியாகச் செய்தது.

முடிவு மிகத் தெளிவாக வந்தது. 300 கிராம் சர்க்கரையைச் சாப்பாட்டோடு குடித்தவர்களுக்குச் சொத்தை அதிகமாகிவிடவில்லை. 24 டாபி தின்றவர்களுக்குப் பற்கள் மளமளவென்று அழிந்தன. டாபியை நிறுத்தினார்கள், புதுச் சொத்தை வருவது குறைந்தது. ஆக, எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே விஷயம். பெங்க்ட் குஸ்தாப்ஸன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1954ல் இதை இங்கிலீஷிலும் வெளியிட்டார்கள். பல் வைத்திய சாஸ்திரத்தில் மூலைக்கல் போன்ற கட்டுரை அது. என் வைத்தியர் கேட்ட கேள்வி அங்கிருந்துதான் புறப்பட்டு வந்தது.

அந்த 436 பேரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பலருக்குப் புரிந்திருக்காது. அவர்கள் சார்பில் உறவினர்களையும் கேட்கவில்லை. இதே 1947ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், நூரம்பர்கில் நாஜி வைத்தியர்களை விசாரித்த நீதிபதிகள், மனிதனைச் சோதனைக்கு உட்படுத்துவதானால் அவனுடைய மனமொப்பிய சம்மதம் இன்றியமையாதது என்று தீர்ப்பில் எழுதினார்கள். நூரம்பர்குக்கும் லுண்டுக்கும் நடுவே கடல் கொஞ்சந்தான்.

ஸ்வீடன்காரர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல முடிந்தால் விஷயம் சுலபமாகப் போய்விடும். குழந்தைகளின் வாயைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு வேலை செய்த படித்த மனிதர்கள் அவர்கள். கதை எழுதுகிறவனுக்கு இருக்கும் கெட்ட வழக்கத்தினால், நான் மறு பக்கத்தில் இருந்த ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கிறேன். வாழ்நாளெல்லாம் ஆஸ்பத்திரிச் சுவருக்குள் இருந்த ஒருவர். யாரும் பார்க்க வருவதில்லை. திடீரென்று ஒரு நாள் ஒருவர் வந்து கையில் டாபி கொடுக்கிறார். மறுநாளும் கொடுக்கிறார். உலகம் தம்மிடம் அன்பாக இருக்கத் தொடங்கிவிட்டது என்று அவர் நினைத்திருக்க மாட்டாரா? டாபிக்காகக் காலடிச் சத்தத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க மாட்டாரா? பிறகு வலித்தபோது, எங்கே வலிக்கிறது, ஏன் வலிக்கிறது என்று சொல்லவும் தெரியாமல் என்ன செய்திருப்பார்? எனக்கு ஒரு விடியற்காலை வலித்ததற்கு வீட்டில் ஒருவரையும் தூங்கவிடவில்லை நான்.

பலன் கிடைத்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 1950களின் இறுதியில் ஸ்வீடனின் வைத்திய அதிகாரிகள் ஜனங்களுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்: குழந்தைகள் வேண்டிய மட்டும் மிட்டாய் தின்னட்டும், ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். சனிக்கிழமை மிட்டாய் என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. இன்றும் சனிக்கிழமை வந்தால் அந்த தேசத்துக் குழந்தைகள் கடையில் காகிதப் பையை எடுத்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து விதவிதமான மிட்டாயை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். நம் பாட்டிமார்கள் பட்சணத்தைப் பண்டிகைக்கென்று ஒதுக்கி, டப்பாவைப் பரண்மேல் ஏற்றிய மாதிரிதான். ஆனால் பாட்டிமார்கள் அதற்காக யார் பல்லையும் கெடுக்கவில்லை.

அடைத்த பல்லைக் காட்ட மறுபடி போனபோது, வீப்பெஹோம் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா என்று வைத்தியரைக் கேட்டேன்.

"படித்திருக்கிறேன் ஸார். பரீட்சைக்குக் கட்டாயம் வரும். எத்தனை கோஷ்டி, எந்தக் கோஷ்டிக்கு எவ்வளவு சொத்தை என்று அட்டவணை போட வேண்டும்" என்றார். சற்று யோசித்துவிட்டு, "அவர்கள் யார் என்று எங்கள் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது" என்றார்.

நான் பார்த்த புத்தகங்களிலும் அப்படித்தான். பெயர்கள் கிடையாது. '24 டாபிக் கோஷ்டி' என்று இருக்கும்.

காபியை நான்காகக் குறைத்திருக்கிறேன். இழுப்பறை காலியாக இருக்கிறது. வீப்பெஹோம் ஆஸ்பத்திரியும் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது.